நெஞ்சு திறக்காத வைத்தியம்

இப்போதெல்லாம் கிளிநொச்சிப் பக்கம் ஒரு கலியாண வீட்டுக்கோ அந்தியேட்டிக்கோ போனால், பந்தலுக்குள் கதிரை போட்டு இருக்கிற பெரியவர்களின் பேச்சு நெல்லு விலையில் தொடங்கி எப்படியோ ஸ்டென்ட்டில் வந்து நிற்கும். “எனக்கு ரெண்டு வைச்சவங்கள்.” “எனக்கு ஒண்டுதான், ஆனா நீளமானது.” “அவருக்கு மூண்டு அடைப்பாம், பைபாஸ் எண்டு சொல்லிப்போட்டாங்கள்.” எங்கள் ஊர்களில் இருதய நோய் அவ்வளவு சாதாரணமாகிவிட்டது. ஆனால் அந்தச் சின்னக் கம்பிக் குழாய் எங்கிருந்து வந்தது, அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

நான் வைத்தியர் இல்லை. என் பெரியப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோது கூடவே இருந்தேன். அதற்குப் பிறகு தேடித்தேடி வாசித்தேன். வன்னியில் இருக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று மனதார நினைப்பதால் எழுதுகிறேன்.

முதலில் அடைப்பு என்றால் என்ன என்பதைப் பார்க்கலாம். இரணைமடு வாய்க்காலில் மண் படிந்து தண்ணீர் தடைப்படுகிற மாதிரி, இரத்தக் குழாயில் கொழுப்புப் படிகிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெரியப்பாவும் அப்படித்தான் சொன்னார். வயல்காரருக்குச் சட்டென்று விளங்குகிற கதை, ஆனால் முக்கியமான இடத்தில் பிழையாகிறது. இதயத்துக்கு இரத்தம் கொடுக்கிற முடியுரு நாடிகளில் கொழுப்பு குழாயின் உள்ளே ஓடுகிற வழியில் சும்மா படிவதில்லை. குழாயின் சுவருக்குள்ளேயே பல வருடங்களாகச் சேர்கிறது, மேலே மெல்லிய மூடி ஒன்றோடு. ஒரு நாள் அந்த மூடி வெடிக்கும். உள்ளே இருந்தது இரத்தத்தில் பட்டதும் அந்த இடத்தில் இரத்தம் உறையும். சில நிமிடத்தில் குழாய் முழுதாக அடைபடும். மாரடைப்பு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. முதல்நாள் வரை 40, 50 வீதம் மட்டுமே ஒடுங்கியிருந்த இடத்திலும் இது நடக்கலாம். அதனால்தான் “போன மாசம் நல்லாத்தானே இருந்தவர்” என்று செத்த வீடுகளில் சொல்ல வேண்டி வருகிறது.

சரி, நெஞ்சைக் கீறாமல் அந்த இடத்துக்கு எப்படிப் போகிறார்கள்? கதை 1929 இல் ஜேர்மனியில், பேர்லினுக்குப் பக்கத்தில் எபெர்ஸ்வால்ட் என்ற சிறு நகரத்தில் தொடங்குகிறது. வெர்னர் ஃபோர்ஸ்மன் அப்போது இளம் வைத்தியர். கை நாளம் வழியாக இதயம் வரைக்கும் ஒரு குழாயைச் செலுத்தலாம் என்று நம்பினார். மேலதிகாரி அனுமதிக்கவில்லை. ஒரு தாதி, என்னில் செய்து பாருங்கள் என்று முன்வந்தார். அவரை மேசையில் படுக்கவைத்துக் கட்டிவிட்டு, ஃபோர்ஸ்மன் தன் கையையே வெட்டி, சிறுநீர்க்குழாய்க்குப் பயன்படுத்துகிற 65 சென்ரிமீற்றர் குழாயைத் தன் இதயத்துக்குள் தள்ளினார். பிறகு எக்ஸ்ரே அறை வரைக்கும் நடந்துபோய்ப் படம் எடுத்தார். குழாயின் நுனி இதயத்துக்குள் இருந்தது. அதற்குப் பாராட்டுக் கிடைக்கவில்லை. இருதயத் துறையை விட்டே போய்ச் சிறுநீரக சத்திரசிகிச்சை செய்துகொண்டிருந்தவருக்கு 1956 இல் நோபல் பரிசு வந்தது. அவருடைய வழியை நியூயோர்க்கில் வளர்த்தெடுத்த கூர்னான்ட், ரிச்சர்ட்ஸ் இருவருக்கும் அதே பரிசில் பங்கு கிடைத்தது.

ஆனால் இதயத்துக்குள் போவது வேறு, இதயத்தின் மேல் ஓடுகிற 3 மில்லிமீற்றர் நாடிக்குள் போவது வேறு. அதற்குள் எக்ஸ்ரேயில் தெரிகிற மருந்துச் சாயம் விட்டால் ஆள் இறந்துவிடுவார் என்றே 1950கள் வரைக்கும் நம்பினார்கள். 1958 இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் மேசன் சோன்ஸ் 26 வயது நோயாளி ஒருவருக்குப் பெருநாடியில் சாயம் விடப் போனபோது, குழாயின் நுனி வலது முடியுரு நாடிக்குள் வழுக்கிவிட்டது. சாயம் முழுவதும் அதற்குள் போனது. இதயம் நின்றது. “இருமுங்கோ” என்று சோன்ஸ் கத்த, நோயாளி இருமினார், இதயம் திரும்ப அடித்தது. அன்றைக்குப் பதிவான படம்தான் நாம் இன்று அஞ்சியோகிராம் என்கிற பரிசோதனையின் தொடக்கம். எந்தக் குழாயில் எந்த இடத்தில் எவ்வளவு ஒடுக்கம் என்று உயிரோடு இருக்கிற ஆளில் பார்க்க முடிந்தது அதற்குப் பிறகுதான். அடைப்பைச் சுற்றி இரத்தத்துக்கு வேறு வழி போடுகிற பைபாஸ் சத்திரசிகிச்சையும் அந்தப் படத்தை நம்பித்தான் வந்தது. அதே கிளீவ்லாண்டில் 1967 இல் ரெனே ஃபவலோரோ கால் நாளத்தை எடுத்து இதயத்தில் தைக்கத் தொடங்கினார்.

பார்ப்பதற்குப் போன குழாயை வைத்தே திருத்தலாமே என்று முதலில் நினைத்தவர் சார்ள்ஸ் டொட்டர். 1964 ஜனவரியில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 82 வயது மூதாட்டி ஒருவர், கால் அழுகத் தொடங்கியும் காலை எடுக்க விடமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். டொட்டர் தொடை நாடியின் ஒடுங்கிய இடத்தினூடாகச் சின்னக் குழாயையும் அதன்மேல் கொஞ்சம் பெரிய குழாயையும் தள்ளி வழியை அகலமாக்கினார். கால் தப்பியது. அந்த அம்மா சாகும்வரை தன் இரண்டு காலிலும் நடந்தார். அமெரிக்க வைத்தியர்கள் பலர் டொட்டரைப் பைத்தியக்காரன் என்றார்கள். ஐரோப்பாவில் சிலர் கவனமாகக் கேட்டார்கள். அவர்களில் ஒருவர் சூரிச்சில் இருந்த அண்ட்ரியாஸ் க்ருன்ற்சிக்.

எங்கள் குடும்பங்களில் சூரிச்சில் சொந்தக்காரர் இல்லாத வீடு குறைவு. அந்த நகரத்து வீடொன்றின் குசினி மேசையில்தான் இந்த வைத்தியம் பிறந்தது. வேலை முடிந்து வந்து, மனைவியோடும் உதவியாளரோடும் உட்கார்ந்து, க்ருன்ற்சிக் பிளாஸ்ரிக் குழாய்களை வெட்டி, சூடாக்கி, ஒட்டிச் சின்னச் சின்ன பலூன் செய்தார். சாதாரண ரப்பர் பலூன் உதவாது. அழுத்தம் கூடக்கூட அது இளகின பக்கத்துக்கு வீங்கும், இறுகின அடைப்பு அப்படியே இருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் குறித்த அளவுக்கு மேல் பெருக்காத பலூன் வேண்டும். கடைசியில் பிவிசி பிளாஸ்ரிக்கில் அது கிடைத்தது. முதலில் கால் நாடியில், பிறகு நாய்களின் இதய நாடியில் செய்து பார்த்தார். 1977 செப்ரெம்பர் 16 ஆம் திகதி சூரிச்சில் 38 வயது நோயாளி ஒருவரின் இதயத்தின் இடது முன் நாடியில் பலூனை ஊதினார். ஏதும் பிழையானால் உடனே நெஞ்சைத் திறப்பதற்கு சத்திரசிகிச்சைக் குழு ஆயத்தமாக நின்றது. தேவைப்படவில்லை. பத்து வருடம் கழித்துப் படம் எடுத்தபோதும் அந்த இடம் திறந்தே இருந்தது. அதைப் பார்க்க க்ருன்ற்சிக் இல்லை. 1985 இல், 46 வயதில், தானே ஓட்டிய விமானம் விழுந்து இறந்துபோனார்.

1977 ஆகஸ்ட் கலவரத்தில்தான் பெரியப்பாவின் குடும்பம் மலையகத்தில் லயத்தையும் சாமானையும் விட்டு வன்னிக்கு வந்தது. சூரிச்சில் அந்த பலூன் ஊதப்பட்ட செப்ரெம்பரில் அவர் பரந்தனுக்குக் கிழக்கே காடு வெட்டிக்கொண்டிருந்த இளந்தாரி. இந்த இரண்டு திகதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாளிலிருந்து, இந்த வரலாறு எனக்கு வேற்று நாட்டுக் கதையாகத் தெரியவில்லை.

பலூனுக்கு ஒரு குறை இருந்தது. அகலமாக்கிய குழாய் சில மாதத்துக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் திரும்பவும் ஒடுங்கியது. சிலருக்கு மேசையில் இருக்கும்போதே சுவர் கிழிந்து மடிந்து அடைத்துக்கொண்டது. 1978 இல் க்ருன்ற்சிக்கின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த ஆர்ஜன்ரீனா வைத்தியர் யூலியோ பல்மாஸ், உள்ளே ஒரு தாங்கு வைத்தால் என்ன என்று யோசித்தார். வீட்டுக் கராஜில் மேசன் வேலைக்காரர் விட்டுப்போன, சுவர் பூச்சுக்கு அடிக்கிற கண்ணறை உலோகத் தகடு ஒன்று கிடந்தது. இழுத்தால் விரியும், விரிந்தால் அப்படியே நிற்கும். அவருடைய ஸ்டென்ட்டின் உருவம் அதிலிருந்துதான் வந்தது. மனித இதயத்தில் முதல் ஸ்டென்ட் வைத்தவர்கள் வேறு இருவர்: 1986 இல் பிரான்சின் துலூசில் ஜாக் புவெல், சுவிஸின் லோசானில் உல்ரிச் சிக்வார்ட். பல்மாஸின் ஸ்டென்ட் 1994 இல் அமெரிக்க அனுமதி பெற்று உலகம் முழுக்கப் பரவியது.

1994 இல் வன்னிக்குள் மருந்து வருவதற்கே கட்டுப்பாடு. அந்தப் பத்து, பதினைந்து வருடங்களில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறந்த எங்கள் ஆட்களை எவரும் கணக்கெடுக்கவில்லை. ஷெல்லில் செத்தவர்களுக்கே கணக்கில்லாத இடத்தில் யார் எடுப்பது? இதைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

ஸ்டென்ட் வைத்த இடத்திலும் குழாயின் உள்தோல் தடித்து வளர்ந்து அடைத்தது. அதற்கு விடை கிடைத்தது ஈஸ்ரர் தீவின் மண்ணில். 1964 இல் கனடாவிலிருந்து போன குழு ஒன்று அந்தத் தீவின் மண்ணை எடுத்துவந்தது. அதிலிருந்த நுண்ணுயிர் ஒன்று சுரந்த பொருளை மொன்றியலில் பிரித்தெடுத்தவர் சுரேந்திர நாத் சேகல், எங்கள் துணைக்கண்டத்தில் பிறந்தவர். ஆய்வுகூடம் மூடப்பட்டபோது அந்த நுண்ணுயிரை வீட்டு ஃபிரீசரில் வைத்துக் காப்பாற்றினார். சிரோலிமஸ் என்ற அந்த மருந்து முதலில் சிறுநீரகம் மாற்றியவர்களுக்குப் பயன்பட்டது. கலங்கள் பெருகுவதைத் தடுக்கிறதென்றால் ஸ்டென்ட்டில் பூசிப் பார்ப்போமே என்று 1999 இல் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் எடுவார்டோ சூசா நோயாளிகளில் வைத்துப் பார்த்தார். 2003 இல் அமெரிக்க அனுமதி. இன்று வைக்கிற ஸ்டென்ட்கள் பெரும்பாலும் இந்த வகை மருந்து பூசியவைதான்.

இனிப் பெரியப்பாவின் கதை. விடியப்புறம் வயலுக்குத் தண்ணி கட்டப் போனவர் வரம்பில் குந்திவிட்டார். நெஞ்சின் நடுவில் அமத்துகிற நோ, இடது தாடை வரைக்கும். சாரம் நனைகிற அளவு வியர்வை. பக்கத்து வயல்காரர் வாய்வு என்று சொல்லி இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தார். மருமகன் வானைக் கொண்டுவந்து, நேரே யாழ்ப்பாணம் போவோம், அங்கேதான் ஸ்டென்ட் வைக்கலாம் என்று நின்றார். பெரியம்மா விடவில்லை. “யாழ்ப்பாணம் பிறகு போகலாம். முதல்ல கிட்டக் கிடக்கிற ஆஸ்பத்திரிக்கு விடு.” அவருக்கு மருத்துவம் தெரிந்து சொல்லவில்லை, வழியில் ஆள் போய்விடுவார் என்ற பயத்தில் சொன்னார். ஆனால் அன்றைக்கு எடுக்கக்கூடிய மிகச் சரியான முடிவு அதுதான்.

ஏன் என்றால், அடைபட்ட குழாய்க்குப் பின்னால் இருக்கிற இதயத் தசை நிமிடக் கணக்கில் சாகிறது. உடனே பலூன் செய்து திறப்பதுதான் சிறந்த வழி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது நேரத்தோடு கட்டுப்பட்டது. ஈசிஜியில் முழு அடைப்பு என்று தெரிந்த நேரத்திலிருந்து 120 நிமிடத்துக்குள் பலூன் செய்ய முடியாதென்றால், காத்திருக்காமல் உறைந்த இரத்தத்தைக் கரைக்கிற ஊசியைப் போட வேண்டும் என்பதுதான் உலக அளவில் இருதய வைத்தியர்கள் பின்பற்றுகிற வழிமுறை. ஸ்ரெப்ரோகைனேஸ், ரெனெக்ரெப்ளேஸ் என்பவை அந்த மருந்துகள். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் 100 கிலோமீற்றருக்கு மேல். ஓட்டம், இறக்கம், பதிவு, கத்லாப் என்கிற அஞ்சியோகிராம் அறையின் ஆயத்தம் எல்லாம் கூட்டிப் பார்த்தால் அந்த 120 நிமிடம் காணாது. ஊசி மருந்து முதல் ஓரிரு மணித்தியாலத்துக்குள்தான் நன்றாக வேலை செய்யும். அது மட்டுமல்ல, மாரடைப்பின் முதல் மணித்தியாலத்தில்தான் இதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகி நின்றுபோகிற ஆபத்து கூட. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அது நடந்தால் மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கலாம். ஆனையிறவு வெளியில் வானுக்குள் நடந்தால் பக்கத்தில் இருக்கிறவர் அழத்தான் முடியும்.

கிட்டின ஆஸ்பத்திரியில் வந்தவுடன் ஈசிஜி எடுத்தார்கள். அஸ்பிரின் சப்பக் கொடுத்தார்கள். பக்கவாதம் வந்ததா, அண்மையில் சத்திரசிகிச்சை செய்ததா, இரத்தம் போனதா என்று கடகடவென்று கேட்டார்கள். கரைக்கிற ஊசியால் இரத்தப்போக்கு வரலாம் என்பதால் கேட்கிற கேள்விகள் அவை. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். ஊசி ஏறி முடிந்து கொஞ்ச நேரத்தில் நோ குறைந்தது, ஈசிஜியில் உயர்ந்திருந்த கோடும் இறங்கியது. அப்புறம் தாதியோடு அம்புலன்ஸில் யாழ்ப்பாணம். ஊசி வேலை செய்தாலும் கதை முடியவில்லை, ஒரு நாளைக்குள் அஞ்சியோகிராம் செய்து ஒடுக்கத்தைப் பார்க்க வேண்டும்.

அடுத்த நாள் வலது மணிக்கட்டு வழியாகச் செய்தார்கள். மணிக்கட்டு வழியை 1989 இல் மொன்றியலில் லூசியன் கம்போ அஞ்சியோகிராமுக்குப் பயன்படுத்தினார். அம்ஸ்ரர்டாமில் ஃபெர்டினண்ட் கீமனேய் 1990களின் தொடக்கத்தில் அதே வழியால் ஸ்டென்ட்டும் வைத்தார். தொடை வழியென்றால் காலை அசைக்காமல் மணித்தியாலக் கணக்கில் படுக்க வேண்டும், இரத்தப்போக்கும் கூட. பெரியப்பா வெளியே வந்தபோது மணிக்கட்டில் கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் பட்டி ஒன்று மட்டும். அதற்குள் காற்று அடைத்து நாடியை அமத்தி வைத்திருந்தார்கள். தாதி கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா வந்து சிரிஞ்சால் சிறிது காற்றை எடுப்பார், இரத்தம் கசிகிறதா என்று குனிந்து பார்ப்பார், கசிந்தால் திரும்ப அடைப்பார். மற்றக் கையால் பெரியப்பா சோறு சாப்பிட்டார். துண்டில் எழுதியிருந்தது: ஒரு ஸ்டென்ட், விட்டம் 3 மில்லிமீற்றர், நீளம் 28 மில்லிமீற்றர்.

வன்னிக்காரர் ஒரு விடயத்தைக் கட்டாயம் கேட்க வேண்டும். அஞ்சியோகிராமுக்கு விடுகிற சாயம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்துக் கிராமங்களில் காரணம் சரியாகத் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிறது. நீரிழிவுக்காரரும் நிறைய. ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்தைச் சாயம் மேலும் பழுதாக்கலாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியற்றினின் இரத்தத்தில் எவ்வளவு என்பதைத் தெரிந்து வைத்திருங்கள், பழைய கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். அளவு கூடியிருந்தால் சாயத்தைக் குறைத்து, முன்னும் பின்னும் சேலைன் ஏற்றிச் செய்வார்கள்.

இதைவிடப் பயமான விடயம் குளிசை. ஸ்டென்ட் ஒரு அந்நியப் பொருள், அதன்மேல் இரத்தம் உறையும். ஆரம்ப காலத்தில் அதைத் தடுக்கக் கடுமையான மருந்து கொடுத்து நோயாளிகளுக்கு இரத்தம் போனது. 1995 இல் இத்தாலியின் அன்ரோனியோ கொலொம்போ, ஸ்டென்ட்டைக் கூடிய அழுத்தத்தில் சுவரோடு ஒட்ட விரித்து, அஸ்பிரினோடு இன்னொரு குளிசையும் சேர்த்தால் போதும் என்று காட்டினார். இன்று அந்த இரண்டாவது குளிசை பெரும்பாலும் குளோபிடோகிரெல். மாரடைப்புக்குப் பிறகு வழமையாக ஒரு வருடம் இரண்டும் சேர்த்து எடுக்க வேண்டும். மருந்து பூசிய ஸ்டென்ட்டில் உள்தோல் மெதுவாகத்தான் மூடும் என்பதால் இது இன்னும் முக்கியம். “இப்ப சுகம்தானே” என்று மூன்றாம் மாதம் நிறுத்துகிறவர்களை எங்கள் ஊரில் பார்க்கிறேன். பல்லுப் பிடுங்கப் போய், யாரோ சொன்னார்கள் என்று நிறுத்துகிறவர்களையும் பார்க்கிறேன். ஆஸ்பத்திரியில் மருந்து முடிந்து, வெளியில் வாங்கக் காசில்லாமல் நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஆனால் பக்கத்து வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அந்தக் குளிசையை வாங்கிக் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஸ்டென்ட் திடீரென்று அடைத்தால் முதல் மாரடைப்பைவிடப் பெரிதாகவும் வரலாம்.

பெரியப்பாவின் இன்னொரு நாடியிலும் ஒடுக்கம் இருக்கிறது, 50 வீதம் அளவில். அதற்கு ஏன் வைக்கவில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் குறை. காசு கட்டினால் கொழும்பில் வைப்பார்கள் என்று சூரிச்சிலிருந்து மச்சான் சொன்னார். கிளினிக்கில் கேட்டபோது வைத்தியர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். மாரடைப்பு நேரத்தில் ஸ்டென்ட் உயிரைக் காக்கும். நோ இல்லாமல் அமைதியாக இருக்கிற ஒடுக்கத்துக்கு வைத்தால் ஆயுள் கூடாது. இதை இரண்டு பெரிய ஆய்வுகள் பார்த்திருக்கின்றன, 2007 இல் கரேஜ், 2020 இல் இஸ்கீமியா. இரண்டாவதில் 5,179 பேர். நிலையான நோய் உள்ளவர்களுக்கு முதலே ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்ததால், குளிசையோடு இருந்தவர்களைவிட இறப்போ மாரடைப்போ குறையவில்லை. நெஞ்சு நோ இருந்தவர்களுக்கு நோ குறைந்தது, அது உண்மையான நன்மை. மற்றபடி, சுவருக்குள் இருக்கிற கொழுப்பு எந்த இடத்தில் வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது, எல்லா இடத்துக்கும் கம்பி வைக்கவும் முடியாது. குழாய் முழுவதையும் காப்பது கொழுப்புக் குளிசையும், பிறஷர், சீனிக் கட்டுப்பாடும், சுருட்டை விடுவதும்தான்.

பெரியப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப வெத்திலை?” என்றார். புகையிலை இல்லாமல் என்றால் போடலாம் என்றார் வைத்தியர். வெறும் வெற்றிலை யார் போடுவது என்று வரும் வழியெல்லாம் முணுமுணுத்தார். அன்றிலிருந்து புகையிலை இல்லை, பெரியம்மா தட்டத்தையே ஒளித்துவிட்டார். நெஞ்சு நோ வந்தால் அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அடிக்க வேண்டும் என்று அந்த இலக்கத்தைக் கதவுக்குப் பின்னால் சோக்கால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார். பெண்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் நெஞ்சு நோவே இல்லாமல், மூச்சு வாங்குவதாக, மேல்வயிற்று நோவாக, காரணமில்லாத களைப்பாக வரலாம் என்று நான் சொன்னதையும் தன் அக்கா தங்கச்சிமாருக்கு ஒவ்வொருவராக அடித்துச் சொல்லி வருகிறார்.